ஆடுகளமும் இறைப்பணியும்

அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் (1862–1965) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் தலைமுறைத் தலைமைப் பயிற்சியாளர்களுள் ஒருவர். அந்த ஆட்டம் நம் ஊர்க் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடுவது. யேல் பல்கலைக்கழகத்தில் போதகராகும் எண்ணத்துடன் இறையியல் படித்த அவர், மேடைப் பேச்சு தமக்குக் கைவராது என உணர்ந்து ஆடுகளத்தைத் தேர்ந்தார். இளைஞரின் குணத்தை உருவாக்குவதும் இறைப்பணியே என்பது அவர் கொள்கை.

1890இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. (கிறித்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில் அவர் அணி அமைத்தார். அதில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் இறையியல் கற்றவர். 1891இல் கூடைப்பந்தை உருவாக்கியவர். 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் சென்ற ஸ்டாக், பேராசிரியர்களுக்கு நிகரான தகுதியுடன் 41 பருவங்கள் பயிற்சி அளித்தார். 70 வயதில் ஓய்வு விதிப்படி விலக நேர்ந்தபோதும் களத்தை விடவில்லை. 1933 முதல் 1946 வரை கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரியில் பணியாற்றினார்.

உடலைப் பயிற்றுவது ஆன்மிகம் ஆகுமா? உடலை ஆன்மாவுக்குத் தளை என்று கண்ட மரபுகள் பல. உடம்பை வளர்ப்பதை உயிரை வளர்க்கும் வழியாகக் கண்டது திருமந்திரம். 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது இளைஞரைச் சொர்க்கத்துக்கு நெருக்கமாக்கும் என்றார். உடலுறுதி கூடினால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் கருத்து.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் துணைநின்றார். உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்றே என்ற அந்தச் சங்கத்தின் கொள்கை இவ்வாறு தமிழகப் பள்ளிக்கூட மைதானங்களை எட்டியது. போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள பெரியகுளத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, நெய்ஸ்மித்தின் ஆட்டம் அந்த மலையடிவாரத்தில் ஊன்றிய வேருக்குச் சான்று.

ஆட்டமும் இறைப்பணியே என்ற கருத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. பல்கலைக்கழகத்தின் வேலை அறிவை வளர்ப்பதே என்று கருதிய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் காலத்தில், 1939இல், சிகாகோ பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. வெற்றியும் வசூலும் மாணவனைக் கருவியாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. வலிமையோடு அறமும் தானாக வந்துவிடுவதில்லை; வலிய உடல் எளியவரை ஒடுக்கவும் உதவும்.

ஆகவே அறம் ஆட்டத்தில் இல்லை, பயிற்றுவிப்பவரின் நோக்கத்தில் இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறும் பெற்றோரின் பிள்ளைக்கு, தோற்றாலும் நேர்மை தவறாமல் ஆடக் கற்றுத்தரும் பி.டி. வாத்தியார் செய்வதும் ஸ்டாக் செய்த பணியே. கோப்பைக்காக அந்தப் பிள்ளையை வருத்தினால் அது வெறும் தொழில். பிள்ளைக்காக ஆட்டத்தைப் பயன்படுத்தினால் அது இறைப்பணி.