அளவா, கூலியா?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு 2024 மார்ச் முதல் அந்நாட்டில் முழுக்கக் கணினித் திரைக்கு மாறிவிட்டது. 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கணிதம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் எளிதும் கடினமும் கலந்து வரும். மாணவர் அதை எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்து இரண்டாம் கட்டம் கடினமாகவோ எளிதாகவோ அமையும். ஆகவே அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்த இருவர் சரியாகச் சொன்ன விடைகள் சம எண்ணிக்கையாக இருந்தும் மதிப்பெண் வேறுபடலாம். இது அநீதி என்று முதல் பார்வையில் தோன்றும். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதைத்தானே நாம் நேர்மை என்று பழகியிருக்கிறோம்?

அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. சமமற்றவர்களுக்குச் சமமாகப் பங்கிடுவதும் அநீதியே என்று அரிஸ்டாட்டில் எப்போதோ வாதிட்டுவிட்டார். இத்தேர்வு விடைகளை வெறுமனே எண்ணுவதில்லை. கேள்வி எவ்வளவு கடினம், தெரிந்தவரையும் தெரியாதவரையும் எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறது, குருட்டாம்போக்கில் சரியாகிவிட எவ்வளவு வாய்ப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, எந்தத் திறன் நிலையில் இருப்பவர் இப்படி விடையளித்திருக்கக் கூடும் என்று மதிப்பிடுகிறது. கண் மருத்துவர், ஒருவருக்குப் பெரிய எழுத்தையும் இன்னொருவருக்குப் பொடி எழுத்தையும் காட்டினால் யாரும் பாரபட்சம் என்று சண்டை போடுவதில்லை. ஆனால் நல்ல பார்வை உள்ளவருக்கு யாரும் பரிசும் தருவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மதிப்பெண் ஒரு மதிப்பீடு என்று சொல்லி அதன் நேர்மையைக் காப்பவர், அதே மூச்சில் அது உழைப்புக்குக் கிடைத்த கூலி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை வருங்காலத் தேர்வுகளுக்கான வெள்ளோட்டம். எவை அவை என்று மாணவருக்குத் தெரியாது. வியர்க்க வியர்க்கப் போட்ட கணக்கு எதற்கும் சேராமல் போகலாம். கூலி என்றால் இது மோசடி. அளவு என்றால் குற்றமில்லை. மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில், விடியற்காலை வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே கூலி தரும் திராட்சைத் தோட்டக்காரரின் கதை வருகிறது. அங்கேயும் உழைத்த நேரம் கணக்கில் வரவில்லை. ஆனால் அது அருள். இங்கே நடப்பது அனுமானம் மட்டுமே. அனுமானத்தை அருளாகவோ தகுதியாகவோ உயர்த்துவது பெரும் பிழை. அந்தப் பிழை புதிதல்ல. 1926-இல் முதல் எஸ்.ஏ.டி.யை உருவாக்கிய கார்ல் பிரிகாம், 1923-இல் வெளியிட்ட நூலில் சோதனை எண்களைக் கொண்டு இனங்களையே தரவரிசைப்படுத்தியவர். 1930-இல் அம்முடிவுகளை அவரே கைவிட்டார்.

இடங்கள் குறைவு, யாரையாவது தேர்ந்தெடுக்கத்தானே வேண்டும் என்பார்கள். உண்மைதான். தேர்வைக் கட்டாயமாக்காமல் விட்டிருந்த அமெரிக்கக் கல்வி நிறுவனங்களான எம்.ஐ.டி. 2022-இலும் டார்ட்மத் 2024-இலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, வசதி குறைந்த பள்ளிகளில் படிக்கும் திறமைசாலிகளை அடையாளம் காண இந்த எண் உதவுகிறது என்றன. மதிப்பீட்டைப் பயன்படுத்த இது நல்ல காரணம். அதிக எண் பெற்றவர் மேலானவர் என்பதற்கு அல்ல. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: முதல் கட்டத்தில் தடுமாறி எளிய கட்டத்துக்குப் போனவர் உச்ச மதிப்பெண்ணை எட்டவே முடியாது. உண்மையான திறமைசாலி அப்படித் தவறி விழுவது அரிது என்று புள்ளியியல் பதில் சொல்லும். ஆயிரம் பேருக்குப் பொருந்தும் அந்தப் பதில், தவறி விழுந்த ஒருவரிடம் சொல்லத் தகுந்ததல்ல. மதிப்பெண் அறிக்கையிலேயே எண்ணோடு ஒரு வீச்சும் அச்சாகிறது. 1480-க்கும் 1500-க்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் அந்த வீச்சுக்குள் அடங்கிவிடும். அங்கே கோடு கிழிக்கும் கல்லூரி, சீட்டுக் குலுக்கிப் போட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மறுக்கப்பட்ட மாணவரை இன்னும் மரியாதையாக நடத்தியதாகும்.