சாமி இருக்கா என்று கேட்கும் பிள்ளைக்கு

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் அசோக் நகர் அரசு மகளிர் பள்ளி உள்ளிட்ட அரசுப் பள்ளிகளில் மகாவிஷ்ணு என்பவர் ஆற்றிய உரை இன்னும் பலர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. தன்னம்பிக்கை ஊட்டுவார் என்று அழைக்கப்பட்டவர், உடற்குறையும் வறுமையும் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவிகளுக்குச் சொன்னார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எதிர்த்துக் கேட்டார். செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைது செய்யப்பட்டார். அவரைப் பேசவைத்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இடமாற்றப்பட்டார்கள்.

அரசு தன் பங்கைச் செய்துவிட்டது. வீடு செய்யவேண்டியது பாக்கி இருக்கிறது. அந்தச் செய்திக்குப் பிறகு கடவுள் நம்பிக்கையில்லாத குடும்பங்களில் ஓர் இறுக்கம் தெரிகிறது. வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அத்தகைய குடும்பங்களுக்குக் குறைவில்லை. தொழிற்சங்கமும் சுயமரியாதைப் பேச்சும் தலைமுறைகளாக வேரோடிய மண் அது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்ததும் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். பிள்ளையை எந்த வாசலுக்கும் அனுப்பாதே, எந்தச் சாமி கதையும் காதில் விழ விடாதே என்கிறது இந்த இறுக்கம். கவலை நியாயமானது, முடிவு தவறானது. கேட்கிற பிள்ளையின் வாயை அடைப்பது, பகுத்தறிவின் பேரால் செய்தாலும், பகுத்தறிவுக்குச் செய்யும் துரோகமே.

அடைக்கத்தான் முடியுமா? ராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தார் 1820களில் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் நிற்கிறது. அதே ராயபுரத்தில் 1910 முதல் பார்சிகளின் நெருப்பு ஆலயம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளைகள் ஓடுகிறார்கள். செங்கொடிச் சங்கத்து அப்பாவே ஆயுத பூசைக்கு மறுநாள் தொழிற்சாலையிலிருந்து பொரியும் பழமும் கொண்டுவருகிறார். “நம்ம சாமி எதுப்பா?” என்று பிள்ளை கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்விகளை ஆறாகப் பகுத்தது நன்னூல். அறியாததை அறிய விரும்பிக் கேட்பது அறியா வினா. கடைக்காரரிடம் சரக்கு இருக்கிறதா என்று கேட்பது கொளல் வினா. பிள்ளை கேட்பது முதல் வகை. நம்பிக்கையற்ற பெற்றோரில் பலர் அதை இரண்டாம் வகையாக எடுத்துக்கொண்டு, சரக்கு வாங்கவே புறப்பட்டுவிட்டதுபோல் பதறுகிறார்கள். விடாமல் கேட்ட மகனை எமனுக்குக் கொடுத்தேன் என்று எரிந்து விழுந்த தகப்பன் கடோபநிடதத்தில் வருகிறான். அவன் வேள்வி செய்தவன். வேள்வியை மறுப்பவர்கள் அவன் குணத்தை மட்டும் ஏன் வாரிசாகப் பெறவேண்டும்?

சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர், அறிவுடைமை அதிகாரத்தில். அந்த ‘சொன்னவர்’ பட்டியலில் அப்பாவும் அம்மாவும் உண்டு. மணிமேகலை பௌத்தக் காப்பியம். சாத்தனார் தம் சமயத்தின் பக்கமே நின்றவர். இருந்தும் தம் நாயகியை நேராக அறவண அடிகளின் உபதேசத்துக்கு அனுப்பிவிடவில்லை. வஞ்சி நகரில் வேதவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, கடவுளை ஏற்காத பூதவாதி என வரிசையாக எல்லாரிடமும் கேட்கவைக்கிறார். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியிடம், உன்னைப் பெற்றவர்கள் இவர்கள்தான் என்பதை ஊகித்துத்தானே அறிந்தாய் என்று அவள் சிரித்தபடி மடக்குகிறாள். நாத்திகப் பெற்றோருக்கு அந்த இடம் சற்றுக் கசக்கலாம். கசந்தாலும் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய இடம் அது.

திருவொற்றியூர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் ஆதிபுரீசுவரர், கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் கவசமின்றிக் காட்சி தருவார், ஊரே திரளும். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்யவேண்டி வந்தது. சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று சிவனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். சிவனோ, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியாருக்குச் சொல்லிவிட்டார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் திரும்பின என்கிறது பெரியபுராணம்.

ஆயாவின் மடியில் இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை, மறுநாள் அப்பாவிடம் வந்து கேட்கும்: “எதிர்வூட்டு அண்ணனுக்குக் கண்ணு தெரியலையே, அவரு இன்னா பொய் சொன்னாரு?” பள்ளி மேடையில் கேட்ட அதே விஷம்தான், கதைப் பாலில் கலந்து வந்திருக்கிறது. கதையே தெரியாத அப்பா இங்கே என்ன செய்வார்? “எல்லாம் பொய், போய்ப் படி” என்பார். பிள்ளை படிக்கப் போகும், கேள்வியோடு. கதை தெரிந்தவர் உட்காரவைத்துப் பேசுவார். வைட்டமின் ஏ குறைவால், அம்மையால், குறைமாதப் பிறப்பால், பரம்பரைக் கூறால் பார்வை போகிறது. அண்ணன் யாரையும் ஏமாற்றவில்லை என்பார். எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன் சேக்கிழார் எழுதிய காலத்தில் வாக்குத் தவறுவது எவ்வளவு பெரிய குற்றமாக எண்ணப்பட்டது என்பார். ஒற்றியூரில் விட்டுவிட்டுப் போகப்பட்ட சங்கிலியார் என்ன ஆனார் என்று பிள்ளையையே திருப்பிக் கேட்பார். அந்தத் திண்ணைப் பேச்சுக்கு ஈடாக எந்தப் பகுத்தறிவுப் பயிற்சி முகாமும் இல்லை.

கோயிலுக்குப் போனவன் கோயிலோடே முடிந்துவிடுவான் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் போதாது. சிறுவயதில் ஒற்றியூருக்கு விடாமல் நடந்த இராமலிங்கர்தான், 1873-இல் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி, வேத ஆகமங்களிலும் சமயங்களிலும் பற்று வைக்காதீர்கள் என்றார். சிங்காரவேலர் பொதுவுடைமைக்கு வருமுன் பௌத்தத்தில் ஈடுபட்டிருந்தவர்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. மதத்துக்குத் தேர் உண்டு, சர்க்கரைப் பொங்கல் உண்டு, கிறிஸ்துமஸ் குடில் உண்டு. மறுப்பவன் கையில் ஒன்றும் இல்லை. ஏழு வயதில் எடைபோட முடியாது என்பதும் மெய். அதனால் அச்சமூட்டும் பேச்சை, நரகம், சாபம், முன்வினை என்று வருவதை, அன்றைக்கே மறுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அந்த நியாயம் செல்லாது.

செல்லாத நியாயத்தின் பேரில் நடப்பவை கொஞ்சமல்ல. வடிவுடையம்மன் கோயிலிலிருந்து ஆயா பூசி அனுப்பிய திருநீற்றை வாசலிலேயே அழித்து, கிழவிக்கு அறிவில்லை என்று பிள்ளை முன்னே சிரிப்பது நேர்மையாகாது. அது வேறொரு குருபீடம். நான் நம்பவில்லை, காரணம் இது, ஆயா நம்புகிறாள், அவள் காரணத்தை அவளிடமே கேள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லவேண்டும். அதில் ஒரு குறைவும் இல்லை.

பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டத்தை நிரப்பாமல் விடத் தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை வந்தது. சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வழங்க வழிசெய்யுமாறு 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அரசுக்கு உத்தரவிட்டது. அதைக் கேட்டுப் பெறும் பெற்றோர் மதிக்கத்தக்கவர்கள். ஆனால் அந்த உரிமையைப் பிள்ளையின் பேரில்தான் பெறுகிறார்கள். 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தைக் குழந்தைக்கே தருகிறது; பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் மட்டுமே பெற்றோருக்கு. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை ஞாயிறுதோறும் பேதுரு ஆலயத்துக்குப் போக விரும்பினால், கட்டத்தை வெறுமையாக விட்ட அப்பா, தடுக்கவும் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.