யாருடைய கை

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதை எழுதினேன். என் அக்கா மகன் பேசுவதில்லை. ஆட்டிசம் என்று ஐந்து வயதில் சொல்லிவிட்டார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு அவன் மணிக்கணக்கில் நிற்பான். அவனே பேசுவதாக, 'நான்' என்று தொடங்கி எழுதினேன். பிரசுரமாயிற்று. நண்பர்கள் இரண்டொருவர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கா படித்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, இது அவன் சொன்னதா, நீ சொன்னதா?" கவிதையிடம் கேட்கிற கேள்வி அல்ல இது என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் கேள்வி சரியானது என்பது வேறொரு விஷயத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

1977ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், செயின்ட் நிக்கலஸ் மருத்துவமனையில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பவர் ஆன் மக்டொனால்ட் என்கிற பெண்ணின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துக்களைச் சுட்டச் செய்தார். ஆனுக்கு மூளைவாதம், பேச்சில்லை, அறிவும் இல்லை என்று முடிவு கட்டப்பட்டிருந்தது. எழுத்துக்கள் வாக்கியங்களாயின. 1979ல் விக்டோரியா உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், ஆன் அந்த மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். சிரக்யூஸ் பல்கலைக் கழகத்தின் டக்ளஸ் பிக்லன் மெல்போர்னில் இதைப் பார்த்து, 1990ல் எழுதிய கட்டுரை மூலம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது பரவியது. ஒருவர் கையையோ மணிக்கட்டையோ பிடித்துக்கொள்கிறார்; குழந்தை தட்டெழுத்துப் பலகையில் எழுதுகிறது. ஒரு சொல்லும் பேசியிராத பிள்ளைகளிடமிருந்து முழு வாக்கியங்கள் வந்தன, கவிதைகள் வந்தன, அம்மாவுக்கு அன்பு வந்தது. அந்தத் தாய்மார்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். அதை நம்பாதிருக்க யாரால் முடியும்?

பிறகு வேறு வாக்கியங்களும் வந்தன. தந்தை தன்னைப் பாலியல் கொடுமை செய்தார் என்று சில குழந்தைகளின் விரல்கள் எழுதின. குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. எழுதுவது யார் என்று அப்போதுதான் கேட்க நேர்ந்தது. 1993ல் வெளியான ஒரு பரிசோதனை மிக எளியது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர்; உதவியாளர்கள் ஒன்பது பேர். இருவருக்கும் தனித்தனியாகப் படம் காட்டினார்கள்; சில சமயம் ஒரே படம், சில சமயம் வேறு வேறு படம். உதவியாளர் பார்க்காத படத்தின் பெயர் ஒரு முறைகூடச் சரியாக வரவில்லை. உதவியாளர் பார்த்த படத்தின் பெயர் வந்தது. 1994ல் அமெரிக்க உளவியல் சங்கம், இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்மானம் போட்டது.

இதில் என்னை உலுக்கியது மோசடி அல்ல. மோசடியே இல்லை என்பதுதான். அந்த உதவியாளர்கள் பொய்யர்கள் அல்ல. தம் கை நகர்த்துகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. பிளான்செட் பலகையில் நகர்கிற கிண்ணத்தை யாரும் நகர்த்துவதில்லை என்று உட்கார்ந்திருக்கும் எல்லோரும் மனமார நம்புவதைப் போலத்தான். பிரக்ஞையின் அடியில் ஓர் ஆசை கையைச் செலுத்துகிறது. அந்த ஆசை அன்பாகவும் இருக்கலாம். அன்பு என்பதாலேயே அது பிறருடைய குரலாகிவிடாது.

ஒரு சங்கடத்தை மறைக்கக்கூடாது. ஆனுடைய வாக்கியங்கள் யாருடையவை என்பது சர்ச்சைக்குரியது. ஆனால் அவருக்குக் கிடைத்த விடுதலை நிஜம். 2010ல் இறக்கும்வரை அவர் வெளியில் வாழ்ந்தார். அப்படியானால் நல்லதுதானே நடந்தது என்று சொல்லிவிடலாம். நான் வேறு விதமாகக் கேட்கிறேன்: ஒருவர் அழகான வாக்கியங்கள் எழுதிக் காட்டினால்தான் மனிதராக நடத்தப்படுவார் என்று வைத்திருந்தது யார்? பேசாதவனுக்குள் ஒரு மேதை ஒளிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், அவனுக்குள் ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் ஒரே மனோபாவத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் அவன் இருக்கிறபடி இருப்பது போதவில்லை.

அக்கா மகனுக்கு இப்போது படஅட்டைகள் பழக்குகிறார்கள். 1985ல் அமெரிக்காவின் டெலாவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் வகுத்த முறை. வேண்டிய பொருளின் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும், பொருள் கிடைக்கும். ஆரம்பத்தில் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பையனின் கையைப் பிடித்து உதவுவார். இங்கும் கை இருக்கிறது. ஆனால் பையன் தானாகக் கை நீட்டிய பிறகே அந்தக் கை வரும். வாய் திறந்து தூண்டக்கூடாது. நாள்பட நாள்பட அது விலகிவிட வேண்டும். தட்டெழுத்து முறையிலும் கை விலக வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பெரும்பாலும் அது விலகவில்லை. விலகினால் வாக்கியமும் நின்றுபோயிற்று. ஓர் உதவி யாருக்காக என்பதை அறிய எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியவில்லை.

என் கவிதைக்கு அந்தச் சோதனையை வைத்துப் பார்த்தேன். கையை எடுத்தால் மிஞ்சுவது சுவரில் காதை வைத்து நிற்கும் ஒரு பையன் மட்டுமே. பிறர் குரலில் எழுதவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் கதையே இல்லை. கதாபாத்திரம் கற்பனை என்பது வாசகனுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற ஒருவன், அதிலும் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுக்கமுடியாத ஒருவன், கற்பனை அல்ல. ஊமைகளின் குரல் என்று நம்மில் பலர் நம் எழுத்தைச் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் மறுக்க ஒரு வழி வைத்தோமா என்று கேட்டுக்கொண்டதில்லை.

போன மாதம் அக்கா வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்துபோய் அட்டைப் புத்தகத்தைத் திறந்து ஒன்றைப் பிய்த்து எடுத்து என் கையில் வைத்தான். 'போதும்' என்கிற அட்டை. பின்னால் யாரும் இல்லை. படிப்பதை நிறுத்தினேன். அவன் மாடிக்குப் போனான்.

அடுத்த தொகுப்பில் அந்தக் கவிதை இராது.