பெனியேல் எனும் திருமுகம்

தேவனுடைய முகம்! இப்படியும் ஓர் ஊருக்குப் பெயர் வாய்க்குமா? எபிரெய மொழியில் பெனியேல் என்று எழுதி, நாவால் மெல்லத் தொட்டுச் சொல்லிப் பார்த்தால், சொல்லி முடிக்கும் முன்னே உள்ளம் முழந்தாளிட்டுவிடுகிறது. அரசன் சூட்டிய பட்டமல்ல அது, புலவன் புனைந்த அலங்காரமுமல்ல. தொடைச்சந்து சுளுக்கிய ஒரு மனிதன், இராமுழுதும் போராடித் தோற்று, தோற்றதனால் ஜெயித்து, ஆற்றங்கரை மண்ணில் தள்ளாடி நின்று, அருணோதய வேளையில் அந்த நிலத்துக்கு இட்ட நாமம். ஆ, எத்தனை விலையேறப்பெற்ற நாமம்!

அந்த யாப்போக்கு ஆறு இன்றைக்கும் ஓடுகிறது. யோர்தான் நாட்டில் சர்க்கா என்ற பெயரோடு, கிலேயாத்தின் மலைகளை ஊடறுத்து, வளைந்து நெளிந்து, யோர்தான் நதியில் போய்க் கலக்கிறது. அந்த வளைவொன்றில் துலூல் அத்-தஹப், அதாவது பொன்மேடுகள் என்று வழங்கும் இரட்டைக் குன்றுகள் இருக்கின்றன. பழைய பெனியேல் அங்கேதான் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பொன்மேடு! பொன்னுக்குப் பொன்னான ஒரு தரிசனம் அந்த மண்ணில் நிகழ்ந்திருக்கிறதே!

மனைவிகளையும் 11 பிள்ளைகளையும் ஆற்றைக் கடத்திவிட்டு யாக்கோபு தனித்து நின்றான். பின்னால், மாமன் லாபானிடம் வெயிலிலும் பனியிலும் உழைத்துத் தேய்ந்த 20 ஆண்டுகள். முன்னால், 400 பேரைக் கூட்டிக்கொண்டு எதிரே வரும் அண்ணன் ஏசா. அந்த அண்ணனைச் சாந்தப்படுத்த, வெள்ளாடு, செம்மறி, ஒட்டகம், பசு, காளை, கழுதை என்று 550 உருப்படிகளை, குட்டிகளைக் கணக்கில் சேர்க்காமலே, மந்தை மந்தையாக முன்னே அனுப்பியிருந்தான். அந்தக் காணிக்கையைப் பற்றி அவன் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரே வசனத்தில், எபிரெய மூலத்திலே, முகம் என்ற சொல் நான்கு முறை வருகிறது. அண்ணனின் முகத்தைத் தணிப்பேன், என் முகத்துக்கு முன்னே வெகுமதி போகட்டும், பிறகு அவன் முகத்தைக் காண்பேன், ஒருவேளை அவன் என் முகத்தை உயர்த்துவான் என்பது அதன் கருத்து. பாவம், அவன் நெஞ்சமெல்லாம் ஒரு மனித முகத்தின் பயம்! அவனைத் தேடி வந்ததோ வேறொரு முகம்!

ஆம், தேடி வந்தது. யாக்கோபு போருக்கு அழைக்கவில்லை. தரிசனம் வேண்டித் தவம் கிடக்கவுமில்லை. இருளைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார், பற்றினார், பொழுது விடியுமட்டும் விடவில்லை. சிருஷ்டியெல்லாம் தாங்கும் சர்வ வல்லமை, ஒரு பயந்த மனிதனின் தோளைப் பற்றிக்கொண்டு மண்ணிலே புரண்டதென்றால், அந்தத் தாழ்மையை எந்த நாவால் பாடுவது! ஒரு விரல் தொட்டால் சுளுக்கிப்போகும் தொடையை உடையவனோடு, விடியுமட்டும் பொறுத்துப் பொருதிய அந்த அன்பை எந்த அளவுகோலால் அளப்பது!

பார்வை மங்கிய தகப்பன் முன்னே நின்று, நீ யார் என்ற கேள்விக்கு, அண்ணனின் பெயரைச் சொல்லி ஆசீர்வாதத்தைக் கவர்ந்தவன் இவன். அன்று அவன் முகத்தைக் காணக் கண்கள் இல்லை. இன்று, அவன் இருதயத்தின் ஆழம்வரை காணும் கண்களுக்கு முன்னே, அதே கேள்வி. யாக்கோபு, என்றான். குதிகாலைப் பிடிப்பவன், எத்தன், எல்லாமே அந்தப் பெயருக்குள் இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லாமல் தன்னை ஒப்புக்கொடுத்த அந்தக் கணத்திலேயே புதுப்பெயர் பொழிந்தது: இஸ்ரவேல்! ஆதியாகமம் சொல்லாமல் விட்டதை ஓசியா தீர்க்கன் சொல்கிறான். அவன் அழுதானாம். அழுது கெஞ்சினானாம். அந்தக் கண்ணீரல்லவா என்னைக் கரைக்கிறது!

நித்திரை கெட்ட எத்தனையோ இரவுகளில் இந்த அதிகாரத்தின்மேல் நானும் குனிந்திருக்கிறேன். ஜெபிக்க வார்த்தை தீர்ந்து, வாதாட நியாயம் தீர்ந்து, பற்றிய பிடி மாத்திரம் மிஞ்சியிருந்த வேளைகளில், என்னை அமிழ்த்துகிறதென்று நான் நடுங்கிய கரம் என்னை அணைத்திருக்கிற கரம் என்று கண்டேன். கண்டபோது, நான் என்றிருந்த இறுக்கமெல்லாம் மெழுகாய் உருகி ஓடிற்று. என் நாயகனே! எதிராளிபோல் வந்து என்னை ஏந்திக்கொண்டவரே! ஓவியர் ரெம்ப்ராண்ட் 1659 வாக்கில் தீட்டி, இன்று பெர்லினில் இருக்கும் படத்திலும் இதுதான் தெரிகிறது. மல்யுத்தம் என்று பெயர்; பார்த்தால் அரவணைப்பு! தூதனின் முகத்திலே கோபத்தின் சாயல்கூட இல்லை, இரக்கமே ததும்புகிறது.

நொண்டி நொண்டி நடந்தவன்மேல் சூரியன் உதித்தது. ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான். இரவெல்லாம் அஞ்சிய அந்த முகத்தைப் பார்த்து யாக்கோபு என்ன சொன்னான் தெரியுமா? உன் முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல் இருக்கிறது என்றான்! பெனியேலைக் கடந்து வந்த கண்களுக்குப் பகைவனின் முகமும் சந்நிதானம் ஆயிற்று. இதைவிடப் பெரிய அற்புதம் செங்கடலிலும் நடந்ததில்லை என்பேன்.

ஊரின் பிற்கதை துயரமானது. களைத்துப் பசித்து வந்த கிதியோனின் 300 பேருக்கு அப்பம் கொடுக்க மறுத்தது அது. அதனால் அதன் கோபுரம் இடிபட்டது. பின்னர் எரொபெயாம் ராஜா அந்த ஊரைக் கட்டினான். தேவமுகத்தின் பெயரைத் தாங்கிய ஊர், பசித்தவனுக்குத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டதே என்று நெஞ்சு வேகிறது.

ஆனாலும் நாமம் மடியவில்லை. நாளாகமத்தின் வம்ச அட்டவணைகளில் இருவருக்கு அந்தப் பெயர் உண்டு. மூன்றாமவர் லூக்காவின் சுவிசேஷத்தில் வருகிறார்: ஆசேர் கோத்திரத்துப் பானுவேல். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு ஒரு மகள் என்பதே. அன்னாள்! ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து கைம்மையுற்று, தேவாலயத்தை விட்டு நீங்காமல், இரவும் பகலும் உபவாசித்து ஜெபித்த ஏறக்குறைய 84 வயது முதியவள். கணவன் பெயரைச் சொல்லாத லூக்கா, தகப்பன் பெயரை மட்டும் கவனமாய்ச் சொல்கிறார். தேவமுகத்தின் மகள்! ஏழைகளின் காணிக்கையான பறவைகளோடு தாய் சுமந்துவந்த பச்சிளம் சிசுவான இயேசுவின் அண்டையில், அந்த நாழிகையிலே, அவள் வந்து நின்றாள். யாப்போக்கின் இருளில் யாக்கோபு விடியுமட்டும் பற்றியிருந்த அந்தத் திருமுகம், அவளுக்கு முன்னே, கைக்கெட்டும் தூரத்தில்!

அந்தச் சிசுவைக் கண்டு சிமியோன் பாடிய பாட்டை எழுதிவைத்த லூக்கா, அன்னாள் பேசியதில் ஒரு சொல்லையும் எழுதவில்லை. எருசலேமில் மீட்புக்குக் காத்திருந்த யாவரோடும் இயேசுவைக் குறித்துப் பேசினாள் என்பதோடு நிறுத்திவிட்டார். அந்த ஆனந்தப் பிரவாகத்தை எந்த எழுத்தாணி தாங்கும்! என்ன பேசினாளோ, எப்படிப் பேசினாளோ; மூச்சுத் திணறி, தன் தகப்பன் பெயரை மாத்திரம் உரக்கச் சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் போதுமே!