பழிச்சொல்லும் பலிபீடமும்



ஒரு வீட்டில் துன்பம் நுழைந்தால் அதன் பின்னாலேயே ஊர்ப்பேச்சும் நுழைந்துவிடுகிறது. கடை நொடித்துப்போனால், "கணக்கில் கை வைத்தான், சர்வேசுரன் பார்த்துக்கொண்டார்" என்பார்கள். நிச்சயம் செய்த கலியாணம் நின்றுபோனால் பெண்ணிடத்தில் என்ன குறையோ என்பார்கள். பிள்ளை நோயில் விழுந்தால், பெற்றவர்கள் செய்த பாவம் என்று சொல்ல ஒருவராவது இல்லாமற் போவதில்லை. முன்னாளில் இப்பேச்சு கிணற்றடியிலும் கோவில் வாசலிலும் நடந்தது. இந்நாளிலோ கைப்பேசியில் ஒரு விரல் அசைந்தால் ஊர் முழுவதும் போய்ச் சேருகிறது. முதலில் சொன்னவர் யார் என்றுகூடத் தெரிவதில்லை.

பட்ட துன்பத்தைக் காட்டிலும் இந்தப் பேச்சே அதிகமாய்ச் சுடும் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். அதனால் நடப்பது என்ன? அந்தக் குடும்பம் முதலில் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறது. யாரையும் பாராமல், கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னே எழுந்து போய்விடுகிறது. சில மாதத்தில் பக்கத்துப் பங்குக்குப் போகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. வீடு சந்திக்கப் போகும் குருவானவர் விசாரித்தால், "சாமி, எனக்குச் சர்வேசுரனோடு ஒரு மனஸ்தாபமும் இல்லை. அந்தக் கோவிலில் வந்து உட்காருகிறவர்களோடுதான்" என்று பதில் வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டிராத பங்குக் குரு இருப்பாரோ? அதைக் குறித்தே இந்த வாரம் எழுதுகிறோம்.

யோபு என்னும் நீதிமானைத் தேடி மூன்று நண்பர்கள் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்தியும் போய், 7 குமாரரும் 3 குமாரத்திகளும் மாண்டு, உடலெல்லாம் புண்ணாகி அவர் சாம்பலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் 7 பகலும் 7 இரவும் அவரோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது உத்தமமான தருமம். பிறகு வாயைத் திறந்தார்கள், காரியம் கெட்டது. பாவம் இல்லாமல் இந்தத் தண்டனை வருமோ என்று மாறி மாறி வாதாடினார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவிலே சர்வேசுரன் யார்மேல் கோபங்கொண்டார்? புலம்பி முறையிட்ட யோபுவின்மேல் அன்று, தமக்காகப் பரிந்து பேசுவதாய் எண்ணிக்கொண்ட அந்த நண்பர்கள்மேல்! 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் பலியிடச் சொன்னதோடு, யோபு அவர்களுக்காக மன்றாட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். தம்மைக் குற்றஞ்சாட்டினவர்களுக்காக மன்றாடின வேளையில்தான் யோபுவின் துன்பம் நீங்கியதென்று வேதம் சொல்லுகிறது. பிறவிக்குருடனைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டதற்கு நமது ஆண்டவர் இரண்டுமல்ல என்றாரே, அதுவும் இந்தப் பழைய கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

ஆனால் நம்மைப் பற்றிச் சொல்லப்படுகிற எல்லாமே பொய் என்று தள்ளிவிடலாமோ? இங்கேதான் தாவீது இராசா நமக்கு ஒரு பாடம் படிப்பிக்கிறார்.

பெற்ற மகன் அப்சலோம் கலகம் செய்ய, தாவீது ஜெருசலேமை விட்டு ஓடுகிறார். தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவமலை ஏறுகிறார். அப்பாலே வழியில் பகூரிம் என்ற ஊரருகே சவுலின் வம்சத்தானாகிய செமேயி என்பவன் எதிர்ப்பட்டு, கல்லெறிந்து, மண்ணை வாரித் தூற்றி, இரத்தப்பழிகாரன் என்று ஏசுகிறான். சவுலின் குடும்பத்து இரத்தத்துக்காகவே இது வந்தது என்பது அவன் குற்றச்சாட்டு. கூட நின்ற அபிசாயி, போய் அவன் தலையை வாங்கட்டுமா என்று கேட்கிறான். தாவீது வேண்டாமென்று தடுத்து, ஆண்டவரே இவனை ஏசச் சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்வது என்கிறார்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. செமேயி சொன்னது பொய். சவுல் இரண்டு முறை கைக்கு அகப்பட்டும் தாவீது அவரைக் கொல்லாமல் விட்டார். ஆயினும் உரியாவின் இரத்தம் அவர் கையில் இருந்தது. நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியிருந்தார். செமேயி ஏசினது ஒரு இரத்தத்தை, தாவீதின் மனச்சாட்சியில் எழும்பினது மற்றொரு இரத்தத்தை என்று நினைக்க இடமுண்டு. தவறான ஆள், தவறான விஷயம், தவறான வேளை; இருந்தும் அந்தக் கல்லோடு கூட உண்மையின் ஒரு துணுக்கு வந்து விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொள்ளத் தாவீதுக்குத் தாழ்ச்சி இருந்தது. நம்மில் பலர், "அவன் யார் என்னைச் சொல்ல?" என்று கேட்பதிலேயே நாளைப் போக்கிவிடுகிறோம். அவன் யாராயிருந்தால் என்ன? கணக்கில் கைவைத்தான் என்பது பொய்யாயிருக்கலாம்; வேலையாளுக்குக் கூலி பாக்கி வைத்திருப்பது உண்மையாயிருக்கலாம். அந்தப் பாக்கி தீர்ந்தால் ஏசினவனும் நமக்கு உபகாரி ஆகிறான்.

தாவீதும் மனிதர்தான். திரும்பி வந்தபோது செமேயிக்கு மன்னிப்பு ஆணையிட்டுக் கொடுத்தவர், மரணப்படுக்கையில் சாலமோனிடம் அவனைச் சும்மா விடாதே என்று சொல்லிவிட்டுப் போனதையும் வேதாகமம் மறைக்கவில்லை. ஏசின வார்த்தை மனதிலே எவ்வளவு காலம் தங்குகிறது பாருங்கள்!

இனி, ஒரு துணுக்குகூட உண்மையில்லாத அவதூறு வந்தால்?

பிள்ளைப்பேறு வேளையில் நம் தாய்மார் மன்றாடுகிற அர்ச். ஜெரார்டு மஜெல்லாவைப் பலருக்குத் தெரியும். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்களிற் சிலருக்கு அவர் பட்ட பாடு தெரியாது. 1726-ம் ஆண்டு, இத்தாலியின் தென்பகுதியில், மூரோ என்ற மலையூரில் ஒரு தையற்காரருக்கு மகனாய்ப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனார் இறந்தார். தையல் பழகப் போன இடத்தில் மேஸ்திரியிடம் அடி வாங்கினார். கோபக்காரரென்று பேர்பெற்ற ஒரு மேற்றிராணியாரிடம் வேலைக்காரனாயிருந்தார். கப்புச்சின் சபையில் சேரக் கேட்டார். உடல் பலமில்லையென்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1749-ல் திவ்விய இரட்சகர் சபையில் சேர்ந்தபோதும், வேலைக்கு உதவாத ஒருவரை அனுப்புகிறேன் என்று எழுதியே அனுப்பிவைத்தார்கள். அந்த உதவாதவர்தான் தோட்டத்திலும் சக்கிறீஸ்தியிலும் வாசற்காவலிலும் பலர் செய்யும் வேலையைத் தனியே செய்தார்.

1754-ல் வந்தது பெரிய சோதனை. நேரியா என்ற ஒரு பெண் கன்னியர் மடத்தில் சேர விரும்பினாள். அவளுக்கு வேண்டிய பணத்தை ஜெரார்டே தேடிக்கொடுத்தார். சில வாரத்தில் அவள் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். வெளியே வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே! முதலில் கன்னியர்களைக் குறை சொன்னாள். பிறகு உபகாரம் செய்தவர்மேலேயே பழி போட்டாள். அவர் வழக்கமாய்த் தங்கும் ஒரு நல்ல குடும்பத்தின் பெண்ணோடு அவருக்குத் தகாத உறவு இருந்ததென்று கடிதம் போயிற்று. சபையை ஏற்படுத்தின அர்ச். அல்போன்ஸ் லிகோரியாரே அவரை வரவழைத்து, குற்றச்சாட்டை வாசித்துக் காட்டினார். ஜெரார்டு வாய் திறக்கவில்லை. மறுக்காததைக் கண்ட லிகோரியார், வெளியாரோடு பேச்சுவார்த்தை கூடாதென்றும், திவ்விய நற்கருணை வாங்கக் கூடாதென்றும் தண்டனை விதித்தார்.

முதலாவது தண்டனை அவருக்குப் பெரிதாயிருக்கவில்லை. இரண்டாவதுதான் அவர் நெஞ்சைப் பிளந்தது. பூசைக்கு உதவி செய்ய ஒரு குருவானவர் கூப்பிட்டபோது, என்னைச் சோதனையில் விடாதேயும், உம்முடைய கையிலிருந்தே ஆண்டவரைப் பறித்துக்கொண்டுவிடுவேன் என்று ஜெரார்டு மறுத்ததாய் அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. மாதங்கள் சென்றன. நேரியா கடும் நோயில் விழுந்தாள். சாவு பயம் வந்தது. சொன்னதெல்லாம் பொய்யென்று தன் ஆத்தும குருவின் மூலமாய் எழுதி அனுப்பினாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று லிகோரியார் கேட்டதற்கு, தன்னை நியாயப்படுத்திப் பேசக்கூடாதென்று நமது சபை ஒழுங்கு இருக்கிறதே என்றாராம். மறு வருஷம், 1755 அக்டோபர் 16-ந் தேதி, காசநோயால் 29-ம் வயதில் இறந்தார். 1904-ல் பரிசுத்த பாப்பு பத்தாம் பத்திநாதர் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். ஒரு பெண்ணின் விஷயத்தில் பழி சுமந்தவரைத்தான் இன்று உலகமெங்கும் பெண்கள் தங்கள் பிரசவ வேதனையில் கூப்பிடுகிறார்கள். தண்டனை கொடுத்த லிகோரியாரும் தப்பவில்லை: 1780-ல், பார்வை மங்கிய முதுமையிலே, பிறர் செய்த சூழ்ச்சியால் தாம் ஏற்படுத்தின சபைக்கே அந்நியராக்கப்பட்டு, அந்த நிலையிலேயே 1787-ல் இறந்தார். அவரும் முறுமுறுக்கவில்லை.

இப்போது ஒரு காரியம் கவனியுங்கள். ஜெரார்டுக்கு மற்றவர்கள் நற்கருணையை மறுத்தார்கள். அவர் அதற்காக அழுதார். நமக்கோ ஒருவரும் மறுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி சொன்ன ஒரு சொல்லுக்காக நாமே நமக்கு மறுத்துக்கொள்ளுகிறோம்! பேசினவர் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறார்; பேச்சுக்கு ஆளானவர் வீட்டில் இருக்கிறார். பசியாயிருப்பவன் பந்தியில் ஒருவன் முறைத்தான் என்று இலையை விட்டு எழுந்து போவதுண்டோ? கலியாண வீட்டில் அப்படிப் போகிறவர்களும் நம்மிடையே உண்டென்பது வேறு விஷயம்.

அப்படியானால் எப்போதும் வாய்பொத்தி இருக்க வேண்டுமோ என்று கேட்பீர்கள். இல்லை. ஜெரார்டு தம் சபை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு மௌனமாயிருந்தார். குடும்பஸ்தனுக்கு அந்த ஒழுங்கு இல்லை. நமது திவ்விய சேசுநாதர் ஏரோதின் முன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் பெரிய குருவின் முன் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தப்பாய்ப் பேசியிருந்தால் எது தப்பென்று காட்டு, இல்லையேல் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அர்ச். சின்னப்பரைச் சாட்டையால் அடிக்கக் கட்டினபோது, உரோமைக் குடியுரிமை உள்ளவனை விசாரணையின்றி அடிக்கலாமோ என்று சட்டத்தை எடுத்துப் பேசினார். பிற்பாடு செசாரிடத்தில் அப்பீல் செய்தார். ஆகையால் பழி நம் ஒருவரோடு நிற்குமானால் பொறுத்துக்கொள்ளலாம். அது பிள்ளைகளின் வாழ்வையோ, பிறருடைய மானத்தையோ, வாயில் போகும் சோற்றையோ தொடுமானால், சாந்தமாய், சாட்சியோடு, தக்கவரிடத்தில் பேசியே தீரவேண்டும். புருஷனிடம் அடிபடுகிற பெண்ணைப் பார்த்துச் சிலுவையைப் பொறுத்துக்கொள் என்று உபதேசிப்பவர்கள் சுவிசேஷத்தைச் சரியாய் வாசிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு.

எதைப் பேசுவது, எதை விடுவது என்று கோபத்தில் தெரியாது. தேவ நற்கருணைப் பேழையின் முன் அரைமணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டிலோ, பிள்ளைகள் கேட்க, பேசினவர்களின் பெயரைச் சொல்லி வசை பாடாதிருங்கள். நமக்கு ஆறின பிறகும் அவர்கள் அந்தப் பகையைச் சுமப்பார்கள். இரவு ஜெபமாலையில் அந்தப் பெயருக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நாக்கு எழும்பாது. பத்தாம் நாள் எழும்பும்.

பேசினவர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டாம் கற்பனையை மீறிப் பிறர் பெயரைக் கெடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லிவிட்டால் மாத்திரம் கணக்குத் தீராது. திருடினதைத் திருப்பிக் கொடுக்கக் கடமை இருப்பதுபோல, கெடுத்த பெயரைத் திரும்ப நிலைநாட்டவும் கடமை உண்டு. நேரியா அதைச் செய்தாள். ஆனால் சாவு வாசலுக்கு வந்த பிறகு செய்தாள். எத்தனை வீட்டில் சொன்னீர்களோ அத்தனை வீட்டிலும் போய், நான் சொன்னது சரியல்ல என்று சொல்லுங்கள். கைப்பேசியில் அனுப்பியிருந்தால் அதே கைப்பேசியில், அதே கூட்டத்தாருக்கு அனுப்புங்கள். கடைசி வரிசையிலிருந்து காணாமற்போன குடும்பம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிறு, பூசைக்கு முதல் மணி அடிக்கும்போது, அந்த வீட்டு வாசலில் போய் நின்று அவர்களைக் கூப்பிடுங்கள். தனியே போக வெட்கமாயிருந்தால் மரியாயின் சேனையார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.