பத்து வயதில் ஒரு தீர்ப்பு

ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தால் வீடே சேர்ந்து படிக்கும். இங்கே பவேரியாவில் அப்படியொரு பரீட்சை இல்லை. ஆனால் நாலாம் வகுப்பில் மே மாதம் கையில் வரும் சான்றிதழ் அதைவிடக் கடுமையானது. டொச், கணக்கு, சூழல் மூன்றிலும் சராசரி 2.33 வரை இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை றியால்சூல, மற்றவர்களுக்கு மிட்டல்சூல. (எண் கூடினால் புள்ளி குறைவு என்பதை ஊரிலிருந்து வரும் அப்பப்பாவுக்கு விளங்கப்படுத்துவதே பெரும்பாடு!)

அந்தச் சராசரி பிள்ளையுடையதா, வீட்டினுடையதா? ஜேர்மனியில் பிள்ளையின் படிப்பு பெற்றோரின் நிலையோடு இறுகக் கட்டுண்டிருப்பதை 2000ஆம் ஆண்டின் பீசா ஆய்வு காட்டியது. 2006இல் இங்கு வந்த ஐ.நா. கல்வி உரிமை அறிக்கையாளர் வெர்னோர் முன்யோஸ், இவ்வளவு இளமையில் பிள்ளைகளைப் பிரிப்பதைக் குறைகூறினார். எமது எர்லாங்கன் பல்கலைக்கழகமும் சீமென்சும் உள்ள பட்டணம். பேராசிரியரின் மகனும், ஆங்கர் பகுதி வாடகை வீட்டில் இரவுவேலைத் தாயோடு வளரும் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்குத்தான் விடை எழுதுகிறார்கள். அது போதுமா?

பதினாறு வயதில் உதவி வருகிறது. பயிற்சி இடங்கள் போதாத பகுதிகளில், தேடியும் கிடைக்காத இளையோருக்கு நிறுவனத்துக்கு வெளியே தொழிற்பயிற்சி பெறும் சட்ட உரிமை 2024 ஆகஸ்டில் வந்தது. அதே மாதம் தொடங்கிய 'ஸ்ரார்ட்சான்சன்' திட்டம், வசதி குறைந்த பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கும் ஏறத்தாழ 4,000 பாடசாலைகளுக்குப் பத்தாண்டுகளில் 20 பில்லியன் யூரோ வரை கொடுக்கிறது. பத்து வயதில் எடுத்ததைப் பதினாறில் திருப்பிக் கொடுப்பதை உதவி என்பதிலும் பார்க்கக் கடன் அடைப்பு என்பதே சரி. கடனைத் திரும்பப் பெறுபவன் தலைகுனிய வேண்டியதில்லை.

அவுஸ்பில்டுங் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. மின்தொழிலாளி எப்போது வருவார் என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். மகன் அதே தொழிலுக்குப் போனால் கலியாண வீட்டில் சொல்லத் தயங்குகிறோம்! தொழிலைத் தானே தெரிவதும், வேறு வழியில்லாமல் அதற்குத் தள்ளப்படுவதும் ஒன்றல்ல.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது 'புள்ளியே நீதி' என்று எம்மவர் முழங்கினர். மொழியை வைத்து வெட்டுப்புள்ளி போட்டது அநீதிதான். ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததைப் பேசியவர்கள் குறைவு. இன்று ரியூசன் கொடுத்துப் பிள்ளையைக் கிம்னாசியத்தில் சேர்த்தபின் மறுபடியும் அதே முழக்கம் கேட்கிறது.

மேல்மாடியில் இருக்கும் சிரியத் தாயிடம் கேட்டுப் பாருங்கள். தன் மகனுக்குக் கணக்கு வராதாம் என்றுதான் அவரும் சொல்வார்.