உழைப்பே வழிபாடு என்றால் வட்ட ரம்பம் எதற்கு?

ஷேக்கர்கள் எனப்பட்ட கிறித்தவக் குழுவினர் உடலுழைப்பை இறைவழிபாடாகவே கொண்டவர்கள். ஆன் லீ என்ற பெண்மணியின் தலைமையில் 1774-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்று, மணம் துறந்து, உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர். நாற்காலி செய்வதும் தொழுவதும் அவர்களுக்கு ஒன்றுதான். அப்படியானால் உழைப்பைக் குறைக்கும் கருவி வழிபாட்டையும் குறைத்துவிடாதா?

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹார்வர்ட் என்னும் ஊரில் இருந்த ஷேக்கர் குடியிருப்பில் டாபிதா பாபிட் வாழ்ந்தார். இருவர் மாறி மாறி இழுக்கும் ரம்பத்தில் ஓர் இழுப்பு மட்டுமே மரத்தை அறுக்க, மறு இழுப்பு வீணாவதை அவர் கவனித்தார். பல் வெட்டிய உலோகத் தட்டை ராட்டையில் பொருத்திச் சுழற்றினார். இது 1813-ஐ ஒட்டி நடந்ததாக ஷேக்கர் மரபு கூறுகிறது. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் 1777-லேயே வட்ட ரம்பம் கொண்ட எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்ததால், முதலில் கண்டவர் என்ற பெயர் பாபிட்டுக்குச் சேராது. ஆனாலும் துறவு பூண்ட ஒரு குழு இக்கதையைப் பெருமையோடு போற்றி வந்தது என்பதே கவனிக்கத்தக்கது. வீண் வியர்வையை அவர்கள் பக்தி என்று எண்ணவில்லை.

எதிர்வாதம் மிகப் பழையது. சுவாங் ட்சு என்ற சீன நூலில், குடத்தில் நீர் சுமந்து தோட்டத்துக்கு ஊற்றும் முதியவரிடம் கன்ஃபூசியஸின் மாணவர் ஒருவர் ஏற்றத்தைப் பற்றிச் சொல்கிறார். முதியவருக்கு அது தெரியாததல்ல. எந்திரத்தோடு பழகினால் மனமும் எந்திரமாகிவிடும் என்றுதான் அவர் அதை மறுக்கிறார். இந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கைரம்பம் பிடிப்பவருக்கு மரத்தின் இறுக்கம் உள்ளங்கையிலேயே தெரியும். இன்றைய வட்ட ரம்பத்தின் மோட்டார் அந்த உணர்வை மறைத்துவிடுகிறது.

ஆனால் மறைந்த அந்த அறிவை வட்ட ரம்பம் வேறு வழியில் திரும்பக் கேட்கிறது. அதன் பிளேடைத் தேர்ந்தெடுக்கும்போதே மரத்தை அறிந்திருக்க வேண்டும். கையில் பிடித்து அறுக்கும் ரம்பங்களில் பரவலானது 7¼ அங்குல பிளேடு. நார் ஓடும் திசையில் நீளவாக்கில் அறுக்க 24 பல் போதும். குறுக்கே சிலும்பாமல் அறுக்க 40 அல்லது அதற்கு மேல் வேண்டும். பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுவதால் மேல்முகமே சிலும்பும். ஆகவே பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைக்க வேண்டும். பல்லின் ஆழம் மட்டும் மரத்துக்கு வெளியே எட்டும்படி பிளேடை இறக்கினால் போதுமானது. அறுபடும் துண்டு தடையின்றி விழ இடம் விட வேண்டும். இரு முனைகளையும் தாங்கி நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வும். ரம்பம் பிடித்தவரை நோக்கிப் பின்னால் துள்ளும். காப்பு மூடியைத் திறந்தபடி கட்டி வைப்பது எந்த அவசரத்திலும் கூடாது.

இத்தனையையும் எந்திர மனத்தால் செய்ய முடியாது. முதியவர் அஞ்சியது நியாயமே, ஆனால் அந்த அச்சத்துக்கு விடை கருவியை விலக்குவதில் இல்லை. இந்த வழக்கில் ஷேக்கர்கள் பக்கமே வலுவானது: குறைந்தது தசையின் பாடு மட்டுமே, கவனத்தின் பாடு கூடியிருக்கிறது. அவர்கள் வழிபாடாகக் கொண்ட உழைப்பின் சாரமும் அந்தக் கவனம்தான். பொத்தானை விட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுழலும். அது நிற்கும்வரை கண்ணும் கையும் அதைவிட்டு அகலக் கூடாது.